கழலை இல்லையாம், அதனால் அயோடின் வேண்டாமாம்!

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கர்ப்பிணியோ, கல்யாணமாகப் போகும் பெண்ணோ, கைக்குழந்தையோ இருந்தால் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். மற்றவர்கள் பாதியில் எழுந்து போனாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இந்த மாதம் மட்டும் அந்த வாட்ஸ்அப் செய்தி எனக்கு நான்கு முறை வந்துவிட்டது. அனுப்பியவர்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். ஒருவர் பொறியாளர் வேறு. செய்தியின் சாரம் இதுதான்: அயோடின் உப்பு என்பது கம்பெனிக்காரர்களின் சதி. நம் முன்னோர்கள் கல்லுப்புதான் சாப்பிட்டார்கள், அவர்களில் யாருக்காவது கழுத்தில் கழலை வந்ததா? கடல் உப்பில் அயோடின் இயற்கையாகவே இருக்கிறது. வெள்ளைப் பொடி உப்பைத் தூக்கி எறியுங்கள், இந்துப்புக்கு மாறுங்கள். கீழே கைகூப்பும் பொம்மைகள் ஏழெட்டு.

32 ஆண்டுகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் தப்பான விடையைப் பார்த்தால் கை சிவப்புப் பேனாவைத் தேடுகிறது. இது வெறும் தப்பான விடை என்றால் விட்டுவிடுவேன். இதை நம்புகிறவரின் வீட்டில் பிறக்கப்போகும் குழந்தை அதற்கு விலை கொடுக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் தப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம். நம் பத்தாம் வகுப்புப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். அயோடின் குறைந்தால் எளிய காய்டர், அதாவது முன்கழுத்துக் கழலை. குழந்தைகளுக்குத் தைராய்டு சுரப்பு குறைந்தால் கிரிட்டினிசம். பெரியவர்களுக்கு மிக்ஸிடிமா. 'பொருத்துக' பகுதியில் ஒரு மதிப்பெண். பரீட்சை முடிந்ததும் மனதில் மிச்சம் நிற்பது அந்தக் கழுத்து வீங்கிய படம் ஒன்றுதான். அதனால்தான் நாற்பது வயதில், 'எங்கள் தெருவில் யாருக்கும் கழுத்து வீங்கவில்லையே, பிறகு எதற்கு அயோடின்?' என்று கேட்கிறார்கள்.

அய்யா, அம்மா, விஷயம் கழுத்தில் இல்லை. கருவில் இருக்கும் குழந்தையின் மூளையில் இருக்கிறது. கழுத்து கண்ணுக்குத் தெரியும். மூளை தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பாடத்தைக் கொஞ்சம் நடத்திவிடுகிறேன். இது புரியாமல் மேலே போக முடியாது.

தைராய்டு சுரப்பி இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. ஒன்று டி4. அதில் நான்கு அயோடின் அணுக்கள். இன்னொன்று டி3. அதில் மூன்று. அயோடின் இல்லாமல் இரண்டையும் செய்ய முடியாது. உடம்பு வேறு எதையும் வைத்து ஈடுகட்டவும் முடியாது. சுரப்பி பெரும்பாலும் அனுப்புவது டி4. ஆனால் செல்லுக்குள் உண்மையில் வேலை பார்ப்பது டி3. மூளைக்கு வந்து சேரும் டி4-லிருந்து ஓர் அயோடின் அணுவைக் கழற்றி டி3 ஆக்கிக் கொடுப்பது, நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற செல்கள். ஆக, வளரும் மூளை தனக்கு வேண்டிய டி3-ஐப் பெரும்பாலும் இரத்தத்தில் வரும் டி4-லிருந்துதான் செய்துகொள்கிறது. இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த டி3 எங்கே போகிறது? செல்லின் உட்கருவுக்குள், டி.என்.ஏ. இருக்கும் இடத்துக்கே போகிறது. அங்கே அதற்கென்று ஒரு ஏற்பிப் புரதம் காத்திருக்கிறது. இந்த ஏற்பி எது என்று 1986-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. பல ஹார்மோன்களுக்கு ஏற்பி செல்லின் வெளிச்சுவரில் இருக்கும். இது அப்படி இல்லை. ஜீனின் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் காவலாளி இது.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. டி3 வராதபோது அந்தக் காவலாளி சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. ஒடுக்கும் புரதங்கள் சிலவற்றைக் கூட்டி வந்து, டி.என்.ஏ.வை ஹிஸ்டோன் உருளைகள் மீது இறுகச் சுற்றவைத்து, ஜீனின் கதவைப் பூட்டிப் பிடித்திருக்கிறது. டி3 வந்து பொருந்தியதும் ஏற்பியின் உருவம் மாறுகிறது. ஒடுக்கும் புரதங்கள் விலகுகின்றன, ஊக்கும் புரதங்கள் வருகின்றன, சுற்று தளர்கிறது. அப்போதுதான் அந்த ஜீன் படிக்கப்பட்டுப் புரதம் உண்டாகிறது.

அதனால் ஹார்மோன் பற்றாக்குறை என்பது 'கொஞ்சம் உரம் குறைவு' என்ற மாதிரி இல்லை. பூட்டு விழுந்த மாதிரி. இதற்கு நல்ல சான்று 2002-ல் மாட்ரிட் நகர ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. தைராய்டு ஹார்மோன் இல்லாமல் செய்த எலிக்குஞ்சுகளின் சிறுமூளை கோணலாக வளர்ந்தது. ஆனால் ஹார்மோனோடு சேர்த்து ஏற்பியில் ஒரு வகையையும் நீக்கிய எலிகளுக்குச் சிறுமூளையின் அமைப்பில் அந்தக் கோளாறு வரவில்லை. காவலாளியே இல்லாத வீடு தப்பித்தது. காவலாளி இருந்து உத்தரவு வராத வீடுதான் கெட்டது.

எந்தெந்த ஜீன்கள்? சிலவற்றைச் சொல்கிறேன். நரம்பு இழைகளைச் சுற்றும் மையலின் உறைக்குப் புரதம் தரும் ஜீன். உறை இல்லாத இழையில் சேதி மெதுவாகத்தான் போகும். சிறுமூளையின் பர்கின்ஜி செல்களில் வேலை செய்யும் ஜீன்கள். உடம்பின் அசைவுகளை ஒழுங்கு செய்வது அந்தச் செல்கள். புதிதாகப் பிறந்த நரம்பு செல்கள் எந்த அடுக்கில் போய் உட்கார வேண்டும் என்று வழிகாட்டும் ரீலின் என்ற புரதத்தின் ஜீன். இவை போக, டி3 தட்டி எழுப்பும் சில ஜீன்கள் தாங்களே வேறு பல ஜீன்களை இயக்குகின்றன. ஒரு சுவிட்ச் போட்டால் பத்து விளக்கு எரிகிற மாதிரி.

இதில் முக்கியமானது நேரம். ஒவ்வொரு ஜீன் கூட்டத்துக்கும் ஒரு பருவம் உண்டு. எலிகளில் பார்த்திருக்கிறார்கள்: ஹார்மோன் குறைந்த குஞ்சுகளில் மையலின் ஜீனின் வேலை முதல் சில வாரங்களில் பின்தங்குகிறது. பிறகு அந்த ஜீன் மெல்ல மெல்லத் தானே ஈடுகட்டிவிடுகிறது. ஆனால் அதற்குள் உறை போர்த்தியிருக்க வேண்டிய இழைகள் பல போர்த்தப்படாமலே நின்றுவிடுகின்றன. ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் ஊரில் சொல்வார்கள். மார்கழியில் அதே விதையை, அதே நிலத்தில், இரண்டு மடங்கு உரம் போட்டு விதைத்துப் பாருங்கள், தெரியும்.

சரி, மனிதக் குழந்தையில் அந்தப் பட்டம் எப்போது?

கருவின் சொந்தத் தைராய்டு அயோடினைப் பிடித்து ஹார்மோன் செய்யத் தொடங்குவது சுமார் 10 முதல் 12 வாரத்தில். உருப்படியாகச் சுரப்பது 18, 20 வாரத்துக்குப் பிறகு. ஆனால் கருவின் மூளையில் அந்த ஏற்பிகள் 10 வாரத்திலேயே வந்துவிடுகின்றன. காவலாளி வந்து உட்கார்ந்துவிட்டார், சொந்த வீட்டில் இன்னும் உத்தரவு தயாராகவில்லை. அந்த மாதங்களில் உத்தரவு வரும் ஒரே இடம் அம்மாவின் இரத்தம்.

அதனால்தான் கர்ப்பத்தில் அம்மாவின் தைராய்டுக்குச் சுமை கூடுகிறது. சாதாரணமாக ஒரு பெரியவருக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250 வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அயோடின் லேசாகக் குறைந்தால் அம்மாவின் உடம்பு ஒரு சிக்கனம் செய்கிறது: டி4-ஐக் குறைத்து, அயோடின் குறைவாகச் செலவாகும் டி3-ஐச் சரியாக வைத்துக்கொள்கிறது. அம்மாவுக்குச் சோர்வில்லை, கழுத்தில் வீக்கமில்லை, ஒன்றுமே தெரியாது. ஆனால் குழந்தையின் மூளை நம்பியிருப்பது அம்மாவின் டி4-ஐ. ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். 'எனக்கு ஒன்றும் இல்லையே' என்று அம்மா சொல்வது உண்மை. பட்டினி கிடப்பது வேறு ஆள்.

'இதெல்லாம் எலிக் கதை டீச்சர்' என்பவர்களுக்கு மனிதக் கதையும் இருக்கிறது.

பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில், அயோடின் மிகவும் குறைந்த ஊர்களில், 1966-ல் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஒரு குடும்பம் விட்டு ஒரு குடும்பத்துக்கு அயோடின் கலந்த எண்ணெய் ஊசி. மற்றவர்களுக்கு உப்புநீர் ஊசி. முடிவு 1971-ல் வெளிவந்தது. உப்புநீர் போட்ட பக்கம் 688 குழந்தைகளில் 26 பேருக்குக் கிரிட்டினிசம். அயோடின் போட்ட பக்கம் 687 பேரில் 7 பேருக்கு. அந்த 7 பேரில் 6 பேர், ஊசி போடும்போதே அம்மா வயிற்றில் உருவாகிவிட்டவர்கள். அதாவது அயோடின் கிடைத்தது, ஆனால் பட்டம் தவறிவிட்டது. இதைவிடத் தெளிவாக இந்தப் பாடத்தை யாராலும் நடத்த முடியாது.

அது மிகக் கடுமையான பற்றாக்குறை என்பீர்கள். லேசானதற்கும் சான்று உண்டு. 1999-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு: கர்ப்பத்தில் தைராய்டு குறைந்து, சிகிச்சை எடுக்காத தாய்மார்களின் பிள்ளைகள், 7 முதல் 9 வயதில் அறிவுத்திறன் சோதனையில் மற்ற பிள்ளைகளைவிடச் சராசரியாக 7 புள்ளிகள் குறைவாக இருந்தார்கள். 2013-ல் இங்கிலாந்தில் வெளிவந்த இன்னொரு ஆய்வு: கர்ப்பத்தின் தொடக்கத்தில் லேசான அயோடின் குறைவு இருந்த தாய்மார்களின் பிள்ளைகள் 8 வயதில் மொழித்திறனில் பின்வரிசையில் இருக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. யாருக்கும் கழுத்து வீங்கியதாக அங்கே பேச்சே இல்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், அதுதான் நேர்மை. கர்ப்பிணிகளில் லேசான தைராய்டு குறைவைக் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை ஒன்று, பிரிட்டனிலும் இத்தாலியிலும் நடந்து 2012-ல் வெளிவந்தது. பிள்ளைகளின் அறிவுத்திறனில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மாத்திரை தொடங்கியது சுமார் 13 வாரத்தில். மருத்துவர்கள் இன்னும் இதை விவாதிக்கிறார்கள். எனக்கு அதிலிருந்து ஒன்று புரிகிறது: கர்ப்பம் உறுதியான பிறகு ஓடுவதைவிட, கர்ப்பத்துக்கு முன்பே அந்தப் பெண்ணின் உடம்பில் அயோடின் போதிய அளவு இருப்பது நல்லது. அதற்கு வழி மருந்துக்கடை இல்லை, சமையலறை உப்பு ஜாடிதான்.

இப்போது அந்த வாட்ஸ்அப் செய்திக்கு வருகிறேன். வரிசையாகத் திருத்துகிறேன்.

'கடல் உப்பில் அயோடின் இயற்கையாகவே இருக்கிறது.' கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் அயோடின் சுமார் 50, 60 மைக்ரோகிராம். அதே ஒரு லிட்டரில் உப்புகள் சுமார் 35 கிராம். ஒரு சொட்டு அயோடினும் வீணாகாமல் உப்போடு வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 10 கிராம் உப்பு சாப்பிடுகிறவருக்குக் கிடைப்பது சுமார் 17 மைக்ரோகிராம். தேவை 150. கர்ப்பிணிக்கு 250. அதிலும் உப்பு படிகமாகும்போது அயோடினின் பெரும்பகுதி பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரிலேயே தங்கிவிடுகிறது. அயோடின் சேர்த்த உப்பிலோ கிராமுக்கு 15 மைக்ரோகிராமாவது கடையில் வாங்கும்போது இருக்க வேண்டும் என்பது சட்டம். 10 கிராமுக்கு 150. கணக்கு அங்கேயே சரியாகிறது. இது பொறியாளருக்குப் புரியாத கணக்கா?

'இந்துப்பு சாப்பிடுங்கள்.' அது நிலத்துக்கடியில் உறைந்த பழைய கடல். மேலே போட்ட கணக்கு அதற்கும் பொருந்தும். நிறம் ரோஸாக இருப்பதால் அயோடின் வந்துவிடாது. விலை மட்டும் கூடுதல். கம்பெனிச் சதி என்று பேசிக்கொண்டே பத்து மடங்கு விலையில் கம்பெனி உப்பு வாங்குகிற வேடிக்கையை என்னவென்று சொல்ல?

'முன்னோர்கள் சாப்பிட்டார்கள், நன்றாகத்தான் இருந்தார்கள்.' எத்தனை பேர் நன்றாக இருந்தார்கள் என்று யார் எண்ணினார்கள்? ஒவ்வொரு ஊரிலும் 'மந்தபுத்தி' என்று பட்டப்பெயரோடு மாடு மேய்க்க அனுப்பப்பட்டவர்கள் இருந்தார்கள். காது கேளாமல், வாய் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. காரணம் பலருக்குப் பலவாக இருக்கலாம். ஆனால் காரணத்தைத் தேடவே இல்லை, 'விதி' என்றார்கள். ஏழு புள்ளி குறைந்த பிள்ளையை யாரும் நோயாளி என்று சொல்வதில்லை. 'படிப்பு ஏறல' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் அதை நான் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன்.

'இது கம்பெனிகளின் சதி.' வரலாற்றைப் பாருங்கள். 1956-ல் இமாச்சலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் சுமார் ஒரு லட்சம் மக்கள் வாழும் பகுதியை மூன்றாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் உப்பும் ஒன்றுக்குச் சாதா உப்பும் கொடுத்தார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் அயோடின் கிடைத்த இரண்டிலும் கழலை வெகுவாகக் குறைந்தது. சாதா உப்புப் பகுதியில் குறையவில்லை. பிறகு அதற்கும் அயோடின் கொடுத்தார்கள், அங்கேயும் குறைந்தது. அதன் பேரில்தான் 1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. கழுத்தைத் தாண்டி மூளையும் இதில் அடங்கும் என்பது தெளிவான பிறகு, 1992-ல் திட்டத்தின் பெயரையே 'அயோடின் குறைபாட்டு நோய்கள்' என்று மாற்றினார்கள். அரசாங்கமே கழுத்தை விட்டு மேலே வந்துவிட்டது. நம் வாட்ஸ்அப் இன்னும் கழுத்திலேயே நிற்கிறது.

அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்கும் தடை 2000-ல் நீக்கப்பட்டு, 2006-ல் திரும்ப வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011-ல் நீதிமன்றம், பழைய சட்டத்தின் கீழ் அப்படி விதி போட முடியாது என்று சொன்னது. ஆனால் உடனே ரத்து செய்யாமல், முறையாகச் சட்டம் செய்ய ஆறு மாத அவகாசம் கொடுத்தது. அதன்படி உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை தொடர்கிறது. தமிழ்நாடு உப்புக் கழகம் என்ற அரசு நிறுவனமே அயோடின் உப்பு விற்கிறது. எந்தப் பன்னாட்டுக் கம்பெனி அது?

சிறு உப்பளக்காரர்களின் கவலையை நான் கேலி செய்யவில்லை. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் வெயிலில் பாத்தி மிதிக்கிறவர்களுக்கு அயோடின் தெளிக்கும் எந்திரமும், பாக்கெட் போடும் வசதியும், பரிசோதனையும் கூடுதல் செலவுதான். அந்தச் செலவை அரசு ஏற்கட்டும், அதற்காகப் போராடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் அவர்கள் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளின் மூளையை அடகு வைக்காதீர்கள். கல்லுப்புதான் வேண்டும் என்றால் அயோடின் சேர்த்த கல்லுப்பும் கிடைக்கிறது. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.

'அயோடின் உப்பு வந்த பிறகுதான் எல்லாருக்கும் தைராய்டு.' இதில் ஒரு சின்ன உண்மை இருக்கிறது. டென்மார்க் நாடு 2000-ல் உப்பில் அயோடினைக் கட்டாயமாக்கி, மக்களைத் தொடர்ந்து கண்காணித்தது. தைராய்டு குறைவு நோய் ஓரளவு கூடியது உண்மை. அதற்காக அவர்கள் நிறுத்தினார்களா? 2019-ல் அளவைக் கூட்டினார்கள். பெரியவருக்கு வரும் தைராய்டு குறைவுக்குத் தினமும் காலையில் ஒரு மாத்திரை போதும். கருவில் பூட்டப்பட்ட ஜீனுக்குப் பிற்பாடு மாத்திரை கிடையாது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். தைராய்டு நோய் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டு நடக்கட்டும், உப்பைப் பற்றி வாட்ஸ்அப்பைக் கேட்க வேண்டாம்.

இனி நாம் வெட்கப்பட வேண்டிய கணக்கு. 2018-19-ல் நாடு முழுக்க எடுத்த அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்தியாவில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். மாநிலங்களில் கடைசி இடம் நமக்குத்தான். உப்பு விளைவிப்பதில் முன்வரிசையில் இருக்கும் மாநிலம், படிப்பறிவிலும் ஆஸ்பத்திரியிலும் பெருமை பேசும் மாநிலம், இதில் கடைசி. பீகாரைப் பார்த்துச் சிரிக்கும் நண்பர்கள் இந்த எண்ணை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

உப்பு ஒரு பாதி. இன்னொரு பாதி, பிறந்த குழந்தை.

சில குழந்தைகள் தைராய்டு சுரப்பியே இல்லாமல், அல்லது சரியாக வேலை செய்யாத சுரப்பியோடு பிறக்கின்றன. அம்மா எவ்வளவு நல்ல உப்பு சாப்பிட்டிருந்தாலும் இது வரலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் சென்னை உட்பட ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்து 2018-ல் வெளியிட்ட கணக்கு: சுமார் 1,130 குழந்தைகளில் ஒன்று. இந்தக் குழந்தைகள் பிறக்கும்போது பார்க்க நன்றாகவே இருக்கும். காரணம் 1989-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள்: சுரப்பி சுத்தமாக இயங்காத குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்திலும் அம்மாவின் டி4 ஓரளவு இருக்கிறது. கொடியை அறுத்ததும் அந்த வரத்து நின்றுவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் கணக்கு.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வயதுக்குத் தகுந்த உயரம், மெல்லிய சிரிப்பு, ஆனால் இரண்டு வரியைச் சேர்த்துப் படிக்க முடியாது. நான்கு வயதில்தான் தைராய்டு என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்களாம். உயரம் வந்தது. படிப்பு வரவில்லை. அவளுடைய அம்மா என்னிடம் சொன்னது: "பொறந்தப்ப அழவே மாட்டா டீச்சர். பால் குடிக்கக்கூடத் தட்டி எழுப்பணும். மஞ்சக்காமாலை ரொம்ப நாள் போகல. மலச்சிக்கல் வேற. ஆனா அழாத பிள்ளையாச்சே, எவ்வளவு சமத்துன்னு ஊரே சொல்லுச்சு."

அத்தனையும் அறிகுறி. ஊரே பார்த்தது, ஊரே மெச்சியது. ஒருவரும் ஒரு சொட்டு இரத்தம் எடுக்கவில்லை.

ஒரு சொட்டுதான். குதிகாலில் ஊசியால் குத்தி, வடிதாளில் தொட்டு உலரவைத்து, அதில் ஹார்மோன் அளவைப் பார்ப்பது. கனடாவின் கியூபெக்கில் டாக்டர் ழான் துசோ இதை 1974-ல் தொடங்கினார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பக்கத்தில் கேரளா, அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு இதையும் சேர்த்து நான்கு குறைபாடுகளுக்குச் சோதிக்கிறது. இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்து மாத்திரை தொடங்கினால் அந்தக் குழந்தை மற்ற குழந்தைகளைப் போலவே படிக்கும், ஓடும், வாயாடும். மருந்து விலை உயர்ந்ததும் இல்லை, அபூர்வமானதும் இல்லை. அதே டி4 மாத்திரை. அப்படியிருந்தும் நாடு முழுவதும் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் இந்தச் சோதனை கட்டாயம் என்ற சட்டம் இல்லை. பணம் உள்ளவர்கள் தனியார் மருத்துவமனையில் ஒரு கட்டு சோதனை எடுத்துவிடுகிறார்கள். மற்றவர்களின் பிள்ளைகள் 'சமத்து' என்று பேர் வாங்குகிறார்கள். போலியோ சொட்டு மருந்தை ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் கொண்டுவந்து கொடுத்த அரசுகளுக்கு, ஒரு சொட்டு இரத்தம் எடுப்பது முடியாத காரியமா? மனம் இல்லை, அவ்வளவுதான். ஓட்டுப்பெட்டியில் இந்தக் குழந்தைகளுக்கு இன்னும் விரல் இல்லை.

வீட்டுக்கு வீடு செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன்.

1. உப்புப் பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்ற குறியைப் பாருங்கள். தளர்வாக மூட்டையிலிருந்து அள்ளித் தரும் உப்பைச் சமையலுக்கு வாங்காதீர்கள். மூடிபோட்ட ஜாடியில், அடுப்புக்கும் ஈரத்துக்கும் தள்ளி வையுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறையுங்கள், ஆனால் குறைக்கும் உப்பும் அயோடின் உப்பாகவே இருக்கட்டும்.

2. தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண் கர்ப்பமானால், 'மாத்திரை குழந்தைக்கு ஆகாது' என்று நிறுத்தாதீர்கள். மாமியார்மார்களே, இது உங்களுக்குத்தான். அந்த மாத்திரை குழந்தையின் மூளைக்குப் போய்ச்சேர வேண்டிய அதே டி4. பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். நாள் தள்ளிப்போனது தெரிந்த வாரமே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை இதோடு சேர்த்து விழுங்கக் கூடாது, சில மணி நேரம் இடைவெளி வேண்டும்.

3. குழந்தை பிறந்தால், வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: 'பிள்ளைக்குத் தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சா? ரிசல்ட் எப்போ வரும்?' எடுக்கவில்லை என்றால் எங்கே எடுக்கலாம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பெயர் வைக்கும் விழா தள்ளிப்போனால் பரவாயில்லை, இது தள்ளக் கூடாது.

4. உங்கள் சட்டமன்ற உறுப்பினர் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வருகிறாரே, அடுத்த முறை மாலை போடும்போது இந்தச் சோதனையைப் பற்றிக் கேளுங்கள்.

பதிலுக்கு 'இயற்கை' என்று யாராவது எழுதுவார்கள், தெரியும். கருவின் மூளை அயோடினுக்குக் காத்திருப்பதும் இயற்கைதான். அது வரும்வரை ஜீனைப் பூட்டி வைப்பதும் இயற்கைதான். நம் மண்ணில் அயோடின் குறைந்திருப்பதும் இயற்கைதான். அதைத் தெரிந்துகொண்டு உப்பில் சேர்த்தது மனிதப் புத்தி. அந்தப் புத்தியும் எங்கிருந்து வந்தது? யாரோ ஒரு அம்மாவின் இரத்தத்தில் சரியான வாரத்தில் போதிய டி4 இருந்ததால் வந்தது.

எதிர்வாதம் உள்ளவர்கள் கணக்கோடு வாருங்கள், காத்திருக்கிறேன். வசவோடு வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.